கரோல் சுற்று வேண்டும், லொறி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் வசிக்கும் தாயார் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் இதே பகுதியில் வாசித்தேன். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது கீழே லொறியில் ஒரு கரோல் குழு வந்து நின்றிருக்கிறது. ஜெனரேட்டர், இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள், மணியடித்து உண்டியல் குலுக்கிய நத்தார் தாத்தா, எல்லாவற்றையும் விவரித்துவிட்டு, குடியிருப்புப் பகுதிகளில் வீடு வீடாகப் போய் நத்தார்ப் பாட்டுப் பாடும் கரோல் சுற்றையே நிறுத்தவேண்டும் என்று முடித்திருந்தார். அவருடைய கோபம் முழுக்க நியாயமானது. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நான் இந்தப் பக்கத்துச் சிறிய மெதடிஸ்த ஆலயம் ஒன்றின் அங்கத்தவன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று பல ஊர்களிலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள்தான் எங்கள் சபை. தமிழ் ஆராதனைக்கு அறுபது பேர் வந்தால் அன்று நல்ல கூட்டம். அந்த லொறி எங்களுடையது அல்ல, லொறி பிடிக்க எங்களிடம் காசும் இல்லை. ஆனால் வீதியில் நிற்பவருக்கு எந்தச் சபை என்ற பேதம் தெரியப்போவதில்லை. சிவப்புத் தொப்பி போட்ட எல்லோரும் ஒன்றுதான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் என்று அதில் வேறுபாடு இல்லை. பிறந்தவர் இயேசுபாலனே என்றாலும் பத்து மணி பத்து மணிதான்.

கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். 25ஆம் திகதி காலையில் திடீரென்று வந்துவிடுகிற பண்டிகை அல்ல நத்தார். நவம்பர் 30ஐ ஒட்டி வரும் ஞாயிறு தொடங்கி நான்கு ஞாயிறுகள் எங்களுக்கு ஆகமன காலம், கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் காலம். பீடத்து விரிப்பு ஊதா நிறத்துக்கு மாறும். வளையத்தில் மூன்று ஊதா மெழுகுதிரி, ஒரு இளஞ்சிவப்பு மெழுகுதிரி, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவோம். இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. நடுவில் நிற்கும் வெள்ளைத் திரியை நத்தார் வரைக்கும் தொடமாட்டோம். திரி ஏற்றும்போது மின்விசிறிகளை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால், ஏற்றிய பிள்ளை இருக்கைக்குத் திரும்புமுன்னே சுடர் போய்விடும். கொழும்புப் புழுக்கத்தில் அந்தக் கொஞ்ச நேரம் சபை முழுதும் ஆராதனைத் தாளால் விசிறிக்கொண்டிருக்கும். காத்திருத்தல் என்று போதகர் ஐயா பிரசங்கிப்பதை அப்போதுதான் பிள்ளைகள் உடம்பால் உணர்கிறார்கள் என்று நினைக்கிறேன். வெளியே காலி வீதிக் கடைகளோ நவம்பர் தொடக்கத்திலேயே கண்ணாடிக்குள் பஞ்சுப் பனி கொட்டி, பாட்டும் போட்டுவிடுகின்றன. அந்தச் சத்தத்தைப் பற்றி ஏனோ யாரும் ஆசிரியருக்கு எழுதுவதில்லை.

எங்கள் பயிற்சி சனிக்கிழமை மாலைகளில், ஆலயத்துக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில் நடக்கும். கரையோரப் பாதையில் ரயில் போனால் பாட்டை நிறுத்திவிட்டு, அது போனபின் விட்ட அடியிலிருந்து தொடங்குவோம். பேஸ் குரலுக்கு இரண்டே பேர், அதில் ஒருவருக்கு இரவு வேலை. ஒரு மூலையில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் ஒளிவிழா நாடகத்துக்குத் தயாராகிறார்கள். மேய்ப்பர்களுக்கு அப்பாமாரின் பழைய சாரம், தேவதூதருக்குக் காட்போட் இறக்கை. இறக்கை கட்டிய பிள்ளை கதவால் பக்கவாட்டில்தான் வெளியே வரமுடியும். இன்னொரு மூலையில் பெண்கள் ஐக்கியத்தார் கேக்குக்குக் கஜுவும் முந்திரிகை வற்றலும் நறுக்குவார்கள். விலையைப் பார்த்து அளவைக் குறைத்திருக்கிறார்கள், அதைப் பற்றிய விவாதம் மட்டும் குறையவில்லை.

பாட்டெல்லாம் ஆலயத்துக்குள்ளேயே பாடிக்கொள்ளுங்களேன் என்று அந்தத் தாயார் கேட்டிருந்தார். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் மெதடிஸ்தம் வளர்ந்ததே ஆலயத்துக்கு வெளியில். பல ஆலயங்களின் பிரசங்க பீடங்கள் தனக்கு மூடப்பட்ட நிலையில்தான், மெதடிஸ்தத்தைத் தொடங்கிவைத்த ஜோன் வெஸ்லி 1739இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் திறந்தவெளியில், சுரங்கத் தொழிலாளர் நடுவே நின்று பிரசங்கிக்கத் தொடங்கினார். அவருடைய தம்பி சார்ள்ஸ் ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதினார். படிப்பறிவில்லாதவர்களும் அவற்றைப் பாடிப் பாடியே விசுவாசத்தைக் கற்றார்கள். அந்த மரபில் வந்த மிஷனரிமார் 1814 ஜூன் கடைசியில் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்கள். அழைத்து வந்த தோமஸ் கோக் வழியிலேயே, இந்து சமுத்திரத்தில் கப்பலில் இறந்துபோனார். மற்றவர்கள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, காலி, மாத்தறை என்று பிரிந்து போனார்கள். புறக்கோட்டை டாம் வீதி ஆலயம் 1816 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாட்களே இருக்கும்போது திறக்கப்பட்டது. பாட்டைச் சுவருக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னால் எங்களில் பாதி போய்விடும்.

அதைவிடப் பெரிய காரணம் ஆலயத்துக்கு வரமுடியாதவர்கள். எங்கள் சபையில் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் முதியவர்கள் பலர். ஒரு ஆச்சி மூன்றாம் மாடியில் இருக்கிறா. இடுப்பு முறிந்தபின் படியிறங்குவதில்லை. நாங்கள் போகும்போது நடைவண்டியைப் பிடித்தபடி கதவைத் திறந்து வைத்திருப்பா. ஆங்கிலப் பாட்டுகள் முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, இனித் தமிழ்க் கீர்த்தனை ஒண்டு எடுங்கோ” என்பா. எங்கள் இளம்பிள்ளைகளுக்கு முதல் சரணத்துக்கு மேல் தெரியாது. ஆச்சி ஐந்து சரணமும் மனப்பாடமாகப் பாட, நாங்கள் பல்லவிக்கு மட்டும் சேர்ந்துகொள்வோம். அதற்குள் எதிர்வீட்டுக் கதவும் திறந்துவிடும். திருநீறு பூசிய அம்மா ஒருவர் வடையோடு வருவார். மேல்மாடி முஸ்லிம் வீட்டுப் பையன் படிக்கட்டில் குந்தியிருந்து கிற்றார் வாசிப்பவரின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பான். இதில் மைக் எங்கே வருகிறது?

இந்தச் சுற்று ஏற்கனவே மெலிந்துபோனது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் கூட்டமாக எங்கேயும் போகப் பயம், எங்களுக்கும் பயம், எங்களைக் கண்டவர்களுக்கும் பயம். 2020இல் கொரோனா. 2022இல் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒருமுறை விட்ட பழக்கத்தைத் திரும்பத் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது சங்கம், சபை நடத்திய எவருக்கும் தெரியும். இப்போது தொடர்மாடிக் கேட்டையும் பூட்டினால் முடிந்தது கதை.

எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும், இது சில பெரியவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கரோல் சுற்றை நிதி சேகரிப்பாக நடத்துவதை நிறுத்துங்கள். கடிதவுறை நீட்டுகிற நேரத்திலேயே பாட்டுக்கு விலை போட்டாயிற்று. காசு தரக்கூடிய வீட்டுக்கு மூன்று பாட்டு, தராத வீட்டைக் கடந்து போவது என்றெல்லாம் நடக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். கொடுக்க விரும்புகிறவர்கள் ஆலயத்தில் வைத்திருக்கும் கூடையில் அரிசியோ பருப்போ பால்மாவோ போடட்டும். அது நத்தாருக்கு முதல் வாரம் தேவையான குடும்பங்களுக்குப் போய்ச் சேரும். நத்தார் தாத்தாவையும் வீட்டில் விட்டுவிட்டு வரலாம். மார்கழிப் புழுக்கத்தில் அந்தக் கம்பளிச் சட்டைக்குள் வேர்த்து ஊற்றும் வாலிபனைக் கேட்டால் அவனே சந்தோஷப்படுவான்.

இந்த வருடம் நாங்கள் நடந்துதான் போகிறோம். ஒரு கிற்றார், பாட்டுத் தாள், கைவிளக்கு, அவ்வளவுதான். வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒன்று கட்டாயம் தமிழ்க் கீர்த்தனை. ஒன்பது மணிக்குள் எல்லோரும் வீடு திரும்பிவிட வேண்டும்.

தொடர்மாடி முகாமைக் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிறவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வரும் நேரம் எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்கு முன்பே எழுதித் தருகிறோம். பரீட்சைப் பிள்ளை எந்த மாடியில், சுகமில்லாதவர் எந்த வீட்டில் என்று காவலாளியிடம் சொல்லிவைத்தால் அந்த மாடியில் வாய் திறக்கமாட்டோம். கடிதம் எழுதிய தாயாரின் மகளுக்குப் பரீட்சை முடிந்தபின், அவர்கள் விரும்பினால் மட்டும், சொல்லியனுப்பட்டும். லிப்ட் வேலை செய்யாவிட்டாலும் ஏறி வருவோம்.

இப்படிக்கு,
மெதடிஸ்த சபை அங்கத்தவர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.