எங்கள் வீட்டு ஒன்றாம் வகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு

மதுரை, மே 2025

அன்புள்ள எல்லோருக்கும்,

போன ஜூனில் மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். அன்று ராத்திரியே நான் எக்செல்லைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து பிழைக்கிறவனுக்கு வேறென்ன தெரியும்? நாற்பது வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஆறு பாடவேளை. தமிழுக்குப் பச்சை, கணக்குக்கு மஞ்சள். லேமினேஷன் மெஷின் ஒன்றுகூட வாங்கினேன். அந்த அட்டவணை பதினோரு நாள் உயிரோடு இருந்தது. பன்னிரண்டாம் நாள் மகள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "இதுவும் ஸ்கூல்தானேப்பா?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. யு.கே.ஜி. படித்த வருடம், வாய் ஓயாத பிள்ளை வகுப்பில் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். தை பிறப்பதற்குள் வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. எந்தப் பள்ளி என்பதை விடுங்கள். அதிலிருந்து அவளைக் கூட்டிவந்து அதையே கலர் அடித்து வீட்டில் நடத்திக்கொண்டிருந்தேன்.

அன்று நான் போன் செய்தது கோவையில் இருக்கும் நண்பருக்கு. இரண்டு பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பவர், எங்களைவிட மூன்று வருடம் மூத்தவர் இந்த விஷயத்தில். "ஆகஸ்ட் வரைக்கும் எதையும் ஆரம்பிக்காதீங்க. கதை சொல்லுங்க, கூட்டிக்கிட்டு ஊர் சுத்துங்க. முதல்ல அவ பேசட்டும்" என்றீர்கள். கட்டணம் வாங்காத ஆலோசனையை நான் தொழிலில் நம்புவதில்லை. இதை நம்பியது நல்லதாகப் போயிற்று. ஜூலை கடைசியில் பேச்சு திரும்பியது. இப்போது நிறுத்துவதுதான் சிரமம்.

அந்த இரண்டு மாதமும் எனக்குத் தூக்கம் வந்தது என்றால் அதற்குக் காரணம் வக்கீல் தம்பி, சித்தப்பா மகன். கல்வி உரிமைச் சட்டத்தை மேசையில் விரித்து வைத்து விளக்கினான். 2009-இல் வந்த சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. வீட்டில் படிப்பதைப் பற்றி அதில் தனியாக ஒரு பிரிவும் இல்லை. ஆனால் ஆறு வயதுக்கு மேல் எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளையை, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று நான்காம் பிரிவு சொல்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகள் உண்டு; பதினான்கு வயது நிரம்பினால் பத்தாம் வகுப்பே எழுதலாம். "அடுத்த வருஷம் மனசு மாறினாலும் கதவு திறந்துதான் இருக்கும்ணே" என்று சொல்லிவிட்டு இட்லி சாப்பிட்டுப் போனான். அவனுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வான், சொல்லிவிட்டேன்.

டீச்சரம்மா, உங்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். என் அட்டவணையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "அ-வுல ஆரம்பிச்சு 247 எழுத்தையும் வரிசையா ஓட்டப்போறீங்களாக்கும்? அ-வுக்கு எத்தனை சுழி, எத்தனை வளைவு, பாருங்க சார். பிஞ்சு விரலுக்கு இதுவா முதல்ல?" என்று கேட்டீர்கள். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே பக்கத்தில் ஒரு கோடு: ட. அதற்கு வலப்பக்கம் ஒரு சுவர் எழுப்பினால் ப. பிறகு ம. புள்ளி வைக்கவும் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒரே வாரத்தில் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்தாள். நாற்பது வயதில் நான் முதல்முறையாகத் தமிழ் எழுத்தை உற்றுப் பார்த்ததும் அந்த வாரம்தான். அரசுப் பாடநூலை இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்து வந்தபோது, எதையெல்லாம் தாண்டலாம் என்று பென்சிலால் குறித்தும் தந்தீர்கள். தாண்டச் சொன்னவைதான் பாதி.

மாடி வீட்டு ஆச்சி இல்லாவிட்டால் நான் தொழிலை மூடியிருப்பேன். ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் எனக்குக் கெடு. மனைவிக்கு மருத்துவமனையில் ஷிப்ட். அந்த நாட்களில் பிள்ளை காலையிலேயே மாடிக்கு ஏறிவிடுவாள். ஆச்சி வைத்துக்கொண்டு விளையாடியது பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை. குழியில் நான்கு சேர்ந்தால் பசு, எடுத்துக்கொள்ளலாம். எங்கே நான்கு சேரும் என்று விரல் விடாமல் பார்த்துச் சொல்ல ஐப்பசிக்குள் பழகிவிட்டாள். எக்செல்லில் அந்தப் பாடத்தை ஜனவரி மூன்றாம் வாரத்தில் போட்டிருந்தேன்.

கிளை நூலகத்து அம்மா, தரையில் படுத்துப் படிக்க விட்டதற்கு நன்றி. மளிகைக்கடை அண்ணாச்சி, கூட்டம் இருக்கிற நேரத்திலும் மீதிச் சில்லறையை அவள் கையில் கொடுத்து எண்ணிச் சொல்லும் வரை காத்திருந்தீர்கள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவர்களுக்கும் நன்றி.

வெள்ளிக்கிழமை வெளியே போகிற நாள். ஒரு வெள்ளி கீழடி அருங்காட்சியகம். பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று கீறியிருப்பதைக் காட்டி, பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி ஒருத்தர் குனிந்து உட்கார்ந்து விளக்கினார். அந்தக் காலத்து ‘க’ நம் கூட்டல் குறி போலவே இருக்கும் என்று அவர் சொன்னதுதான் வினை. ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டில் மூணு க ரெண்டு அஞ்சு. உடைந்த பூந்தொட்டியில் ஆணியால் தன் பெயரைக் கீறி, கொல்லையில் புதைத்தும் வைத்திருக்கிறாள். பெயர் கேட்டு வைக்கத் தோன்றவில்லை தங்கச்சி, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

அத்தைக்கும் ஒரு வார்த்தை. மாமியார் என்பதால் பயந்து சொல்லவில்லை. ஞாயிறுதோறும் போனில், "பிள்ளை இந்த வாரம் என்னதான் படிச்சா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்லியாக வேண்டுமே என்று மனைவி தினமும் ஒரு வரி டைரியில் எழுத ஆரம்பித்தாள். நைட் டூட்டி முடிந்து வந்த காலையிலும் எழுதினாள். வருடம் முழுவதற்கும் எங்களிடம் இருக்கும் ஒரே ஆவணம் அதுதான். உங்களுக்கு இன்னமும் சம்மதம் இல்லை, தெரியும். கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.

சாயங்காலம் நாலரை மணிக்குப் பையைக் கூட வீட்டில் வைக்காமல் வந்து அவளைக் கூப்பிடும் தெருப் பிள்ளைகளே, "வீட்லயே இருந்தா நாலு பேரோட பழகுவாளா?" என்று கேட்பவர்களை இனி உங்களிடம் அனுப்புகிறேன்.

வருகிற வருடத்துக்கு எக்செல்லில் மூன்றே பத்தி: வாசிப்பு, கணக்கு, கைவேலை. நிறம் எதுவும் இல்லை. லேமினேஷன் மெஷினால் ஆன ஒரே உபயோகம் ஆச்சியின் மருந்துச் சீட்டு.

ஆச்சி, எழுபதில் நான்கு புளியங்கொட்டை குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களே, மூன்று பிரிட்ஜுக்கு அடியில் கிடைத்துவிட்டது. இன்னொன்றும் கிடைத்தால் பசுவாகக் கொண்டுவருவதாகப் பாப்பா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
பாப்பாவின் அப்பா