அப்பாவின் தீப்பெட்டிப் படங்களைப் பிரிக்காதே

கோவில்பட்டி

அன்புள்ள செல்வம்,

இங்கே அனைவரும் நலம். மாணிக்கம் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ வராததற்கு அவன் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டான், வாங்கிக்கொள். அப்பா சேர்த்த தீப்பெட்டிப் படங்களில் நடிகர் முகம் உள்ளவற்றை மட்டும் ஒரு வியாபாரி கேட்கிறார் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்காதே. அதைச் சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன், கேள். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டை வைப்பார்கள். 1880-களில் அதில் பிரபலங்களின் படத்தை அச்சிட்டு விளம்பரமாக்கினார்கள். குத்துச்சண்டை வீரர் ஜான் சல்லிவனும் துப்பாக்கி சுடுவதில் பெயர்பெற்ற ஆனி ஓக்லியும் இப்படித்தான் சட்டைப்பைகளுக்குள் போனார்கள். பின்னால் வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர் தன் படத்துக்குச் சம்மதிக்கவில்லை; அச்சு நின்றது. தப்பிய சில அட்டைகளில் ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. உன் வியாபாரிக்குத் தெரிந்தது இந்தக் கதை மட்டும்தான்.

ஜெஃபர்சன் பர்டிக்கை அவருக்குத் தெரியாது. சிரக்யூஸ் நகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த மனிதர். எல்லோரும் எறிந்த அட்டைகளைச் சேர்த்து, வகை பிரித்து, எண் கொடுத்தார். வாக்னர் அட்டை உள்ள வரிசையை இன்றும் டி206 என்று அவர் கொடுத்த எண்ணால்தான் அழைக்கிறார்கள். மூன்று லட்சத்துக்கும் அதிகமானவற்றை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்கிப்போன நிலையிலும் அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டிக்கொண்டிருந்தார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்துவிட்டார். வாக்னரும் அந்தச் சேகரிப்பில்தான் இருக்கிறார். விற்றிருந்தால் கைநிறையப் பணம், செல்வம்! பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. நடிகைக்கும் பறவைக்கும் தேசக் கொடிக்கும் நடுவே பார்க்கும்போதுதானே ஒரு கம்பெனி எதையெல்லாம் காட்டி ஆளை இழுத்தது என்று புரியும்?

அப்பாவின் நோட்டிலும் அப்படித்தான். மயில், கத்தரிக்கோல், அணில், பக்கத்தில் ஒரு நடிகர். ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலில் ஊர்ப்பெயர்: சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி. நடிகரை உரித்தெடுத்தால் மிச்சத்தை யார் சீந்துவார்கள்?

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு மனிதர் சேர்த்து வைத்ததிலிருந்து வளர்ந்தது அது. நோட்டை எடுத்துக்கொண்டு போய், பிரிக்காமல் முழுசாக வைத்துக்கொள்வார்களா என்று கேள். தனியாகப் போகத் தயக்கமென்றால் நானும் வருகிறேன். முதலில் வியாபாரிக்கு இல்லையென்று சொல்லிவிட்டு எனக்குப் பதில் போடு.

அன்புடன்,
முருகேசன்