32 கூப்பேக்குள் கண்ணில் படாத ஏ.சி.

அன்புள்ள மாப்ளே,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. 1932 ஃபோர்டு, ஐந்து ஜன்னல் கூப்பே (இரண்டு கதவுக் கார்), உயரம் குறைக்கக் கூரை வெட்டாத முழு உடம்பு, உள்ளே ஷெவி 350 எஞ்சின். நல்ல வண்டி கிடைத்திருக்கிறது உனக்கு. ஃபீனிக்ஸில் ஜூன் மாதம் ஏ.சி. இல்லாமல் இதில் உட்கார முடியாது. அதற்காக டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கறுப்பு டப்பாவைத் தொங்கவிட்டால் வண்டியின் அழகே போய்விடும். குளிரும் வேண்டும், ஏ.சி. இருப்பதும் தெரியக்கூடாது என்கிறாய். முடியும். ஆனால் வேலையை எந்த வரிசையில் செய்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்த யூனிட் வாங்கலாம் என்று முதலில் கேட்டிருக்கிறாய். அதைக் கொஞ்சம் ஒத்திப்போடு. உள்ளே வரும் சூட்டை எவ்வளவு குறைக்கிறாயோ அவ்வளவு சின்ன யூனிட் போதும். சின்ன யூனிட்டை மறைப்பது சுலபம். தரை, ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்), கதவு, கூரை எல்லாவற்றுக்கும் முதலில் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட், அதன் மேல் கால் அங்குல ஃபோம். பலர் பியூட்டைலோடு நிறுத்திவிடுகிறார்கள். அது அதிர்வையும் சத்தத்தையும்தான் அடக்கும். சூட்டைத் தடுப்பது ஃபோம். உன் வண்டியின் கூரை நடுவில் துணிதான். முழு இரும்புக் கூரை ஃபோர்டில் 1937இல்தான் வந்தது. துணிக்கு அடியிலும் ஃபோம் போகட்டும். ஸ்டியரிங் தண்டு இறங்கும் ஓட்டை, பெடல் ஓட்டைகள், கவுலில் (முன்கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே உள்ள பகுதி) இருக்கும் காற்றுத் திறப்பின் ரப்பர், மூன்றையும் இறுக்கமாக அடை. அங்கே விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் எஞ்சின் சூடு நேரே காலில் அடிக்கும்.

அடுத்தது காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் யூனிட் டாஷுக்குப் பின்னால், கவுலுக்குள் உட்காரும் இடம். 1928 முதல் 31 வரை வந்த மாடல் ஏ-யில் பெட்ரோல் டாங்க் கவுலுக்குள்ளேயே இருந்தது, அங்கே இடமே கிடையாது. 32இல் டாங்க் பின்னால் போனது உன் அதிர்ஷ்டம். சான் அன்டோனியோவில் 1976 முதல் இருக்கும் வின்டேஜ் ஏர் போன்ற கம்பெனிகள் இந்த இடத்துக்கென்றே சின்ன யூனிட்கள் செய்கின்றன. ஆர்டர் போடுமுன் யூனிட் அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டி செய்து, ஹோஸ் திரும்புவதற்கு இரண்டு அங்குலம் கூட்டி, டாஷுக்குப் பின்னால் நுழைத்துப் பார். நடுவில் மீட்டர் பேனலின் பின்புறம், இடது பக்கம் ஸ்டியரிங் தண்டு, இந்த இரண்டும்தான் முட்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து முழங்கால் இடிக்கிறதா என்று பார்.

இடம் போதாவிட்டால் சீட்டுக்குப் பின்னால் வைக்கலாம். 1940 மாடல் பேக்கார்டில், அமெரிக்காவில் ஃபேக்டரியிலிருந்தே ஏ.சி.யோடு வந்த முதல் கார் அது, காயில் டிக்கிப் பக்கம்தான் இருந்தது. குளிர்காற்று பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. கம்ப்ரெசருக்குக் கிளட்ச் கிடையாது, ஏ.சி. வேண்டாத காலத்தில் பெல்ட்டையே கழற்றி வைக்க வேண்டும்! பின்னால் வைத்தால் டாஷ் அப்படியே தப்பும். ஆனால் ஹோஸ் நீளும், காற்று பிடரியில் அடிக்கும், முகத்துக்கு வர நேரமாகும். முக்கியமாக, யூனிட் இழுக்கும் காற்று கேபினிலிருந்து மட்டுமே வர வேண்டும். டிக்கிக் காற்றை இழுத்தால் பெட்ரோல் வாடையும் சைலன்சர் புகையும் உள்ளே வரும், அது ஆபத்து. உன் ஊர் வெயிலுக்கு டாஷுக்குப் பின்னால் மறைத்து வைப்பதுதான் நல்லது என்பேன்.

காற்று வெளிவரும் வாய்களை வாங்காதே, நீயே செய். பளபளக்கும் வட்ட வென்ட்கள்தான் ஏ.சி. இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். டாஷின் கீழ் விளிம்புக்குப் பின்னால் மூன்று நான்கு பிளவுகள், டாஷின் அதே பெயின்ட், வாய் உன் மார்பைப் பார்த்துச் சற்று மேல்நோக்கி. காற்றுக் குழாய் இரண்டரை அங்குல வட்டம், பரப்பு கிட்டத்தட்ட ஐந்து சதுர அங்குலம். ஆகவே ஒவ்வொரு பிளவும் குறைந்தது ஐந்தங்குல நீளம், ஓரங்குல அகலம். அழகுக்காக அரை அங்குலமாகச் சுருக்கினால் காற்று விசிலடிக்கும், குளிர் வராது. கன்ட்ரோலுக்கு கேபிள் இல்லாமல் சின்ன மோட்டாரில் ஓடும் வகையாக எடு. வயர் மட்டும் போவதால் மூன்று குமிழையும் சீட்டின் முன் விளிம்புக்கு அடியில்கூட வைக்கலாம்.

இனி முன்பக்கம். இங்கேதான் பெரும்பாலான வண்டிகளில் ஏ.சி. தோற்கிறது. கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் கிரில் ஷெல்லுக்குள் (கிரில்லைச் சுற்றிய கூடு), ரேடியேட்டருக்கு முன்னால். பல மெல்லிய குழாய்கள் இணையாக ஓடும் பேரலல் ஃப்ளோ வகையில், உள்ளே அடங்கும் மிகப் பெரியதாக எடு. கிரில் வழியாக வெள்ளி நிறம் தெரியாமலிருக்க மெல்லியதாக மேட் கறுப்பு அடி. தடிமனாக அடித்தால் அந்தப் பெயின்ட்டே சூட்டைப் பிடித்து வைக்கும். ரேடியேட்டருக்கும் அதற்கும் கால் அங்குல இடைவெளி, நான்கு ஓரமும் ஃபோம் பட்டையால் மூடு. மூடாவிட்டால் வண்டி நிற்கும்போது ரேடியேட்டரைத் தாண்டி வந்த சூடான காற்று சுற்றி வந்து மறுபடி கண்டென்சருக்குள்ளேயே நுழையும். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் ஷ்ரவுடோடு (ஃபேனைச் சுற்றிய கூடு) இருக்கட்டும். முன்னால் வைத்துத் தள்ளும் ஃபேன் ஹைவேயில் காற்றையே மறைக்கும். டிரைனரி ஸ்விட்ச் (மூன்று வேலை செய்யும் பிரஷர் ஸ்விட்ச்) போட்டால் கேஸின் பிரஷர் 250 பிஎஸ்ஐ தாண்டும்போது ஃபேனைப் போடும், 400 பக்கம் போனால் கம்ப்ரெசரை நிறுத்தும், கேஸ் தீர்ந்தாலும் நிறுத்தும்.

கம்ப்ரெசரில் வழக்கமானது சாண்டன் 508, ஒரு சுற்றுக்கு 138 சிசி. அதைவிடச் சிறியது 7பி10, 100 சிசி. பானட் பக்கத் தகடு இல்லாமல் ஓட்டப் போவதாக எழுதியிருக்கிறாயே, அப்படியானால் எஞ்சினின் வலப்பக்கம் கீழே, 7பி10, பாலிஷ் இல்லாமல் கறுப்பில். கேபின் சின்னது என்பதால் அது போதும். ஹோஸ் மாட்டும் வாய்கள் மேலேயோ பக்கவாட்டிலோ பார்க்கலாம், கீழே பார்க்கக் கூடாது. பெல்ட் நேராக ஓடுகிறதா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்; கோணலாக இருந்தால் கத்தும், பிறகு கழன்றுவிடும்.

ஹோஸ் மூன்று அளவு (இவை கடையில் சொல்லும் எண்கள், அங்குலம் அல்ல): கண்டென்சரிலிருந்து, ஈரத்தை உறிஞ்சும் டப்பாவான டிரையர் வழியாகக் காயிலுக்கு 6, கம்ப்ரெசரிலிருந்து கண்டென்சருக்கு 8, காயிலிலிருந்து கம்ப்ரெசருக்குத் திரும்புவது 10. ஏ.சி. கேஸான ஆர்134ஏ பழைய வகை ரப்பர் வழியாகவே கசிந்துவிடும். உள்ளே கசிவைத் தடுக்கும் அடுக்கு உள்ள பேரியர் ஹோஸ்தான் வேண்டும். ஃபயர்வாலின் நடுவே ஓட்டை போடாதே. வலப்பக்கக் கீழ் மூலையில் ஒரு தகட்டில் எல்லாவற்றையும் சேர்த்து இறக்கி, ஃபிரேமின் உட்பக்கமாக முன்னால் கொண்டுபோ. ஹோஸ் இணைப்பில் போடும் ஓ-ரிங்குக்கு (ரப்பர் வளையம்) மினரல் ஆயில் தடவு. கம்ப்ரெசர் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். 10 அளவு ஹோஸ் கேபினுக்குள் வரும் பகுதியைக் கார்க் டேப்பால் சுற்று, இல்லையென்றால் வியர்த்துக் கார்பெட்டில் சொட்டும். டிரையரின் மூடியை எல்லாம் மாட்டி முடித்தபின் கடைசியாகத் திற.

எல்லாம் சரியாக இருந்தும் குளிர் வரவில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது ஒரு சின்ன வால்வால். ஹீட்டர் காயிலும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. சூடான கூலன்ட் அதில் ஓடிக்கொண்டே இருந்தால் குளிர்ந்த காற்றை அது மறுபடி சூடாக்கும். எஞ்சின் மேலிருக்கும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஹீட்டருக்கு வரும் ஹோஸில் கன்ட்ரோல் வால்வை வை. ஷெவியில் அதுதான் வரும் பக்கம்; வாட்டர் பம்புக்குப் போவது திரும்பும் பக்கம்.

கரன்ட்டைக் கணக்கில் எடு. ப்ளோயர், ஃபேன், கிளட்ச் மூன்றும் சேர்ந்து ஓடும்போது பழைய 63 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் சிக்னலில் நிற்கையில் தாங்காது. 100 ஆம்பியர் போடு, ஃபேனுக்குத் தனி ரிலே. காயிலில் சேரும் தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாய் மடங்காமல் நேரே கீழே, சைலன்சர் பைப்பில் சொட்டாத இடத்தில் இறங்கட்டும்.

கேஸ் ஏற்றும் வேலையை 609 சர்டிஃபிகேட் (கார் ஏ.சி. கேஸைக் கையாள அமெரிக்காவில் வேண்டிய தகுதிச் சான்று) உள்ள மெக்கானிக்கிடம் விடு. கேஸைக் காற்றில் விடுவது சட்டப்படி குற்றம். முதலில் குறைந்தது 45 நிமிடம் வாக்குவம் பிடிக்க, அதாவது பம்ப் வைத்து உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கச் சொல். ஃபீனிக்ஸ் 1,100 அடி உயரத்தில் இருப்பதால் கேஜ் 29 அங்குலம் தொடாது, 28க்குச் சற்று மேல் நின்றால் சரி. பம்பை நிறுத்தியபின் முள் நகரக் கூடாது. வின்டேஜ் ஏர் யூனிட்டுக்கு 1.8 பவுண்டு ஆர்134ஏ, தராசில் எடை பார்த்து. கண்ணாடியில் குமிழி பார்த்து ஏற்றுவது பழைய ஆர்12 வழக்கம்; இதில் அப்படிச் செய்தால் அதிகமாகிவிடும், அதிகமானாலும் குளிர் குறையும். ஸ்டார்ட் செய்யுமுன் கம்ப்ரெசரைக் கையால் இருபது சுற்று சுற்று. சிலிண்டரில் தேங்கிய திரவத்தோடு ஓட ஆரம்பித்தால் வால்வு உடையும்.

டாஷின் கீழ் விளிம்பிலிருந்து ஃபயர்வால் வரை உள்ள ஆழம், கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடம், எஞ்சின் முன்புறப் புல்லியில் பெல்ட் ஓடும் பள்ளம் எத்தனை என்பது, இந்த மூன்றையும் அளந்து எழுது. பிராக்கெட் எது சேரும் என்று பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்