புக்கிட் தீமாவின் கொம்புத்தவளை

அன்புள்ள இளங்கோவுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், பேரன் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்திருப்பதையும் அறிந்து மனம் நிறைந்தது. இங்கு யாவரும் நலம்.

கொம்புத்தவளையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "எங்கள் பேராக் காடுகளில்தான் அது இருக்கிறதே, சிங்கப்பூரில் இல்லாமற்போனால் என்ன?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். தீபகற்ப மலேசியா, சுமத்திரா, போர்னியோ என்று பரவி வாழும் அவ்வினத்துக்கு உலக அளவில் உடனடி ஆபத்து இல்லை. ஆனால் இங்கே, முதிர்ந்த காடு இருக்கும் புக்கிட் தீமா மலை போன்ற இடங்களை விட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது. தீவின் ஆதிக்காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தபின் எஞ்சிய அந்தத் துண்டையும், 1986-இல் வந்த விரைவுச்சாலை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்துவிட்டது. 2013-இல் அச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் மரங்கள் நட்ட பாலம் அமைத்தார்கள். அழுங்கும் மரநாயும் அதில் கடந்து போகின்றன. ஓடைக்கரையின் ஈரச்சருகில் அசையாமல் கிடந்து இரைக்குக் காத்திருக்கும் ஒரு தவளை அப்படிக் கடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே அற்றுப்போனால் பேராக்கிலிருந்து அது நடந்து வரப்போவதுமில்லை.

நீ பார்த்திருப்பாய்: இமைகளும் மூக்கு நுனியும் கூராக நீண்டிருக்கும், முதுகில் இலைநரம்பு போன்ற வரம்புகள் ஓடும். எனக்கு அதைவிட வியப்பளிப்பது தலைப்பிரட்டைதான். ஓடையை ஒட்டிய கல், மரக்கட்டை ஆகியவற்றின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள் பொரிந்ததும் குஞ்சுகள் நீரில் விழும். அவற்றின் வாய் புனலைப்போல் மேல்நோக்கி விரிந்து, நீர்ப்பரப்பில் மிதந்து வரும் துகள்களை உறிஞ்சும். ஆகவே ஓடை வற்றினாலோ கெட்டாலோ அந்த வாய்க்கு உணவில்லை. 2014-இன் தொடக்கத்தில் 27 நாள் தொடர்ந்து வறட்சி நிலவியதே, அத்தகைய காலங்களை எண்ணித்தான் அஞ்சுகிறேன். அதே மலையில் வாழ்ந்த, உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கப்பூர் நன்னீர் நண்டு அந்தக் காப்புக்காட்டிலிருந்து மறைந்ததற்கு, ஓடைநீரில் அமிலத்தன்மை கூடியது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓடை ஒன்றுதான், இளங்கோ. நண்டுக்கு ஆகாத நீர் தவளைக்கு மட்டும் ஆகுமா?

வளர்ப்பதற்காகப் பிடித்து விற்பவர்களாலும் கேடு உண்டு. அதைக் காட்டிலும் என்னை வருத்துவது நல்லெண்ணத்தால் விளையும் கேடு. புத்தர் பிறந்தநாளான வெசாக் நாளையொட்டிப் புண்ணியம் கருதிச் சிலர், உணவுக்காக விற்கப்படும் அமெரிக்கக் காளைத்தவளைகளை வாங்கி நீர்நிலைகளில் விடுகிறார்கள். பல நாடுகளில் தவளையினங்களையே அழித்த தோல்பூஞ்சையை, தான் நோயுறாமலே சுமக்கக்கூடியது அந்தக் காளைத்தவளை. தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் எடுத்துச் சொல்லியும் பழக்கம் முற்றிலும் நிற்கவில்லை. உயிருக்கு இரங்கும் அந்த மனங்களை யாரும் பழிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகச் சொன்னால் கேட்பார்கள் என்றே நம்புகிறேன்.

அதனால்தான் வெசாக்குக்கு முன் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் இதுபற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். உன் மகன் மலையடிவாரத்தில் எடுத்த படங்களில் தலைப்பிரட்டையின் வாய் தெளிவாகத் தெரியும் படம் இருந்தால் அனுப்பிவைக்கச் சொல்.

அன்புடன்,
மாறன்