சித்தப்பாவுக்கு: இனி என் கணக்கு வராது

அன்புள்ள சித்தப்பா,

நாளைய ரேஸ் புக்கை, ஓடப்போகும் குதிரைகளின் விவரங்கள் அச்சிட்ட அந்தப் புத்தகத்தை, வழக்கம்போல் அனுப்பியிருக்கிறீர்கள். கீழே, "உன் கணக்கு எப்போது வரும்?" என்று ஒரு வரி. வராது. ஒவ்வொரு குதிரைக்கும் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று நான் போடும் விழுக்காட்டுத் தாளை இந்தப் பருவத்திலிருந்து உங்களுக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் பேச்சைக் கடைசிப் பந்தயத்தின் பக்கம் திருப்பிவிடுவீர்கள், நானும் கூடவே வந்துவிடுவேன் என்பதால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது: "அவள் குறித்துக் கொடுத்த குதிரை" என்று நீங்கள் யார் யாரிடம் சொல்லிவந்தீர்களோ, அவர்களில் பாதிப் பேர் இதைப் படிக்கிறவர்கள்.

எப்போது, எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதையெல்லாம் உங்களிடமே திருப்பிச் சொல்லப் போவதில்லை. நீங்கள் கற்றுக்கொடுத்த வரிசை இன்றும் என்னிடம் கலையாமல் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். புத்தகம் கைக்கு வந்ததும் முதல் வேலை, எந்தக் குதிரையைத் தேடுவது என்பதல்ல, எந்தப் பந்தயத்தைக் கோடு போட்டு நீக்குவது என்பதுதான். இரண்டு வயதுக் குதிரைகள் முதன்முறை ஓடும் பந்தயத்தில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை. வட கோளத்துத் தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி 1, தென் கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் 1 என்று ஒரே பிறந்த நாள் வைத்திருப்பதால், ஜனவரியில் விழுந்த குட்டியும் மே மாதத்தில் விழுந்த குட்டியும் ஒரே வயது என்ற பெயரில் ஒரே கேட்டில் நிற்கும். அந்த வயதில் நான்கு மாத வித்தியாசம் எலும்பிலேயே தெரியும், புத்தகத்தில் தெரியாது. அதனால் அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு. நீங்கள் போட்டுக் காட்டிய கோடு அது.

மிஞ்சுவது பெரும்பாலும் ஹேண்டிகேப் பந்தயங்கள். நல்ல குதிரையின் முதுகில் கூடுதல் எடையை ஏற்றி, எல்லாக் குதிரைகளையும் ஒரே நொடியில் கோட்டைத் தாண்டச் செய்வதுதான் எடை போடுகிறவரின் இலட்சியம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பந்தய அதிகாரி அட்மிரல் ரௌஸ் வயதுக்கேற்ற எடை அட்டவணையை வகுத்த காலத்திலிருந்து அந்த இலட்சியத்தோடு நாம் மல்லுக்கட்டுகிறோம். ஒரு லெங்த், அதாவது ஒரு குதிரையின் உடல் நீள வித்தியாசம், ஐந்து ஃபர்லாங் (ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்) ஓட்டத்தில் ஏறத்தாழ 3 பவுண்டுக்குச் சமம், ஒரு மைலில் ஏறத்தாழ 2 பவுண்டு, தூரம் கூடக்கூட அது இன்னும் குறையும் என்று பென்சில் முனையால் தட்டித் தட்டிச் சொல்வீர்கள். 1919இல் அமெரிக்காவின் சாரடோகாவில் மேன் ஓ' வார் என்ற குதிரை தன் வாழ்நாளின் ஒரே தோல்வியை அடைந்தபோது அதன் மீது 130 பவுண்டு, அதை வென்ற அப்செட் மீது 115 பவுண்டு என்று நீங்கள் சொல்லும்போது, ஏதோ உறவுக்காரர் வீட்டில் நடந்த அநியாயத்தைச் சொல்வதுபோல் குரல் இறங்கும். அந்தக் குரலுக்காகவே நான் பல வாரங்கள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இப்போது பேச வேண்டியது அந்தச் செம்பழுப்பு நிறப் பெண் குதிரையைப் பற்றி. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஒரு மைல் ஹேண்டிகேப், எட்டுக் குதிரைகள். முந்தைய ஓட்டத்தில் அது நான்காவதாக, மூன்று லெங்த் பின்னால் வந்திருந்தது. அந்த மூன்று லெங்த் பொய் என்பதை முதலில் கண்டது நான்தான். வளைவு முழுவதும் வெளிப்புறத்திலேயே ஓடிக் கூடுதல் தூரம் சுற்றியிருந்தது, நேர்கோட்டுக்கு வந்ததும் முன்னால் இரண்டு குதிரைகள் அடைத்துக்கொண்டதால் ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. இம்முறை கேட்டில் உள்பக்க எண், அதாவது வளைவில் சுற்ற வேண்டிய தூரம் குறைவு, பழகிய தூரம், அதே எடை. நீங்கள், புத்தகத்தில் அச்சாகியிருந்த விலைகளின் (வென்றால் ஒன்றுக்கு எவ்வளவு இலாபம் என்ற விகிதம்) மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, "இப்போது சொல்" என்றீர்கள். எட்டுக் குதிரைகளுக்கும் விழுக்காடு போட்டோம். கூட்டினால் 104 வந்தது. நீங்கள் சிரித்துவிட்டு இரண்டு குதிரைகளிடமிருந்து இரண்டிரண்டைப் பிடுங்கினீர்கள். செம்பழுப்புக்கு 25. அதாவது ஒரு ரூபாய்க்கு மூன்று ரூபாய்க்கு மேல் இலாபம் கிடைத்தால் மட்டுமே வாங்கலாம். கையை எடுத்தீர்கள். எல்லோரும் கட்டிய பணத்தைச் சேர்த்துப் பங்கிடும் டோட்டின் பலகையில் ஒன்றுக்கு ஒன்றரை ஓடிக்கொண்டிருந்தது. நாம் கண்டதை ஊரே கண்டுவிட்டது.

நான்கு முறை ஓடினால் ஒரு முறை வெல்லும் குதிரை அது. வெல்லும் அந்த ஒரு முறை ஒன்றரை வரும், தோற்கும் மூன்று முறையும் சேர்த்து மூன்று போகும். இதை எனக்கு விளக்கியவரே நீங்கள்தான். "சரி, விடு" என்று தாளை மடித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்தீர்கள். படிக்கட்டின் மேலிருந்து பார்த்தபோது, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, டிக்கெட் வரிசையில் ஒரு தூணின் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தீர்கள். தூண் உங்களை மறைக்கவில்லை, சித்தப்பா.

குதிரை வென்றுவிட்டது. கழுத்தளவு வித்தியாசம். நீங்கள் இரண்டு டிக்கெட்டுகளோடு வந்து, கட்டை விரலால் ஒன்றின் ஓரத்தை நீவி நேராக்கி, "இது உன் பங்குக்கு" என்று நீட்டினீர்கள். நான் வாங்கவில்லை. அன்று என் முகத்தில் இருந்தது கர்வம் என்று நீங்கள் நினைத்தீர்கள். பிறகு பலரிடமும் அப்படித்தான் சொன்னீர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் மகிழ்ச்சியைக் கெடுத்ததற்காக இப்போதும் எனக்கு வருத்தம்தான். வாங்கியிருந்தாலோ, அந்த விலையில் அந்தக் குதிரையை எடுத்தது சரி என்று நானும் கையெழுத்துப் போட்டதாக ஆகியிருக்கும். உங்களைப் புண்படுத்தியதற்கு மன்னியுங்கள். டிக்கெட்டை மறுத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க உங்களால் முடியும், ஏனென்றால் முடிவையும் முடிவெடுத்த விதத்தையும் பிரிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நீங்களே.

அதன் பிறகு எந்த வாக்குவாதமும் அந்தக் குதிரையில்தான் வந்து நின்றது. விலை போதாது என்று நான் சொன்னால் செம்பழுப்பு. இந்தப் பந்தயம் வேண்டாம் என்றால் செம்பழுப்பு. அது போதாதென்று 1973இன் செக்ரடேரியட்டையும் துணைக்கு இழுத்துக்கொண்டீர்கள்: அமெரிக்காவின் பெல்மான்ட் பந்தயத்தில் 31 லெங்த் வித்தியாசத்தில் வென்ற குதிரைக்கு யாராவது விலை பார்த்தார்களா என்று. அன்று 2 டாலர் டிக்கெட்டுக்குத் திரும்பக் கிடைத்தது 2.20 டாலர். ஆயிரக்கணக்கானோர் அந்த டிக்கெட்டை மாற்றாமல் நினைவுப் பொருளாகவே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வாங்கியது நினைவை. அதற்கு அது நியாயமான விலைதான். நீங்கள் ஒவ்வொரு வாரமும் வாங்கியது வேறு.

எவ்வளவு போனது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. சித்தி இதைப் படிப்பார். அவருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியும், தெரியாததை நான் சொல்வது முறையல்ல. ஒன்றை மட்டும் அவருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுகிறேன். என் தாளில் "வேண்டாம்" என்று எழுதிய பந்தயங்களில் ஓடித் தோற்ற குதிரைகள் எதுவும் நான் சொன்ன குதிரைகள் அல்ல. ஃபேவரிட், அதாவது அதிகம் பேர் பணம் கட்டும் குதிரைகள், ஏறத்தாழ மூன்றில் ஒரு முறைதான் வெல்கின்றன. டோட்டில் சேரும் தொகையிலிருந்து பல நாடுகளில் 15 விழுக்காட்டுக்கும் மேல் முதலிலேயே எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பங்கிடுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு, எட்டில் ஆறு பந்தயங்களைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க முடிந்தவருக்குத்தான் என் கணக்கு ஏதோ கொஞ்சம் உதவும். மற்றவர்களுக்கு அது ஒரு சாக்கு. நான் சாக்காக இருந்து களைத்துவிட்டேன்.

இதை எழுதும்போதே, பேடாக்கில், பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் அந்த இடத்தில், நீங்கள் குதிரைகளைப் பார்க்கும் விதம் நினைவுக்கு வந்து கோபத்தைக் குலைக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லாததை நீங்கள் பார்ப்பீர்கள்: பின்னங்கால்களின் நடுவே நுரைத்த வியர்வை, முன்னால் நிமிராமல் பின்னோக்கி ஒட்டிய காது, நடத்திச் செல்லும் பையனின் கையை இழுக்காமல் தளர்வாக எட்டு வைக்கும் குதிரை. என் 20 விழுக்காட்டை ஒரு பார்வையில் 12 ஆக்கியிருக்கிறீர்கள், அது சரியாகவும் இருந்திருக்கிறது. அந்தக் கண் எனக்கு வரவில்லை. இப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, பேடாக்கிலிருந்து திரும்பும் பத்தடிக்குள் யாரோ காதில் ஓதும் டிப்ஸுக்கு அதை அடகு வைக்கிறீர்களே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நாளைய புத்தகத்தைத் திறக்காமலே விட வேண்டும் என்று நினைத்தேன். திறந்துவிட்டேன். ஐந்தாம் பந்தயத்தை மட்டும் பாருங்கள், 1200 மீட்டர். முன்னால் ஓடியே பழகிய குதிரைகள் மூன்று, மூன்றும் வெளிப்புற எண்களில் நிற்கின்றன. உள்ளே வருவதற்கே முதல் 400 மீட்டரில் ஒன்றையொன்று கருக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான், எது என்று உங்களுக்கே தெரியும். அதற்கு நான் எவ்வளவு போட்டிருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஒன்பது குதிரைகளுக்கும் நீங்களே போடுங்கள், கூட்டினால் 100 வர வேண்டும். அந்த மூன்றில் ஒன்று விலகிவிட்டதாகக் காலையில் அறிவித்தால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியிருக்கும், ஏனென்றால் அப்போது முன்னால் ஓடுவது சுலபமாகிவிடும். போட்டு முடிக்கும்வரை உள்ளங்கையை எடுக்காதீர்கள்.

உங்கள்
அண்ணன் மகள்