சின்னவனின் ஒப்பரேஷன் பற்றி மகளுக்கு

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். புதன்கிழமை பேராதனை சிறுவர் ஆசுபத்திரியில் சின்னவனுக்குக் குடலிறக்க ஒப்பரேஷன். மாப்பிள்ளை லீவு போட்டு வருகிறார். "ரெண்டு வயசுல மயக்க மருந்து குடுத்தா மூளை மந்தமாகிடுமாம், தள்ளிப் போடுங்கப்பா" என்று டோஹாவிலிருந்து நீ அழுதாய். தோட்டத்து டிஸ்பென்சரியில் காலமெல்லாம் இருந்தவன் சொல்கிறேன், நிதானமாகப் படி.

உன் பயம் வெறும் வதந்தி இல்லை. எலிக்குஞ்சுகளுக்கு மணிக்கணக்கில் மயக்க மருந்து கொடுத்தபோது மூளை அணுக்கள் செத்தன. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016இல் எச்சரித்தது. சின்னவனுக்கு ஒரே தடவைதான், ஒரு மணி நேரம்கூட ஆகாது. இதே ஒப்பரேஷன் செய்த 722 கைக்குழந்தைகளை 7 நாடுகளில் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு முழு மயக்கம், மற்றவர்களுக்கு விழித்தபடியே, வலி தெரியாமல் மரக்கவைக்கும் விறைப்பு ஊசி. ஐந்து வயதில் சோதித்தபோது இரு பக்கமும் புத்தி ஒன்றுபோலவே இருந்தது. 2019இல் முடிவு வந்தது. நம் பிள்ளையைவிடச் சின்னஞ்சிறுசுகள் அவர்கள்.

என் கவலை முழுக்க அவன் மூச்சைப் பற்றித்தான். வயிற்றில் ஏதும் இருந்தால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். அதனால் 6 மணி நேரத்துக்கு முன்பே சாப்பாடும் மாப்பாலும் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்புவரை கொடுக்கலாம். பசியில் அழுகிறானே என்று உன் அம்மா பிஸ்கட்டை நீட்டாமல் நான் பக்கத்திலேயே இருப்பேன். இங்கே மழையும் பனியுமாக இருக்கிறது. சளி பிடித்தால் மறைக்காமல் சொல்வேன், அதற்காக டொக்டர் நாளைத் தள்ளினால் வருத்தப்படாதே. வேறு எதற்காகவும் தள்ள விடமாட்டேன். தள்ளிப் போட்டு, இறங்கிய குடல் சிக்கிக்கொண்டால் நடுராத்திரியில் அவசரமாக வெட்ட வேண்டிவரும், அதுதான் நிஜமான ஆபத்து.

இன்னொன்று, மகளே. மயக்கம் தெளியும்போது இந்த வயதுப் பிள்ளைகள் சிலர் ஆளை அடையாளம் தெரியாமல் கத்தி உதறுவார்கள். பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடும், மூளை கெட்டதற்கு அடையாளமில்லை. அந்த நேரம் வீடியோ கோல் எடுக்கமாட்டேன், கோபிக்காதே. தண்ணீர் குடித்து முகம் தெளிந்ததும் எடுக்கிறேன்.

நீ அவனைத் தூங்கவைக்கும் பாட்டைப் பாடிப் பதிந்து செவ்வாய் இரவுக்குள் அனுப்பு. கண் முழிக்கையில் காதருகே போட்டுவிடுகிறேன்.

அப்பா