பிடி அரிசி, ஏழைகள் காணிக்கை: ஞாயிறு கூடுகை

களியக்காவிளை சபைக் குடும்பத்தார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

மழை விடவில்லை, ரப்பர் பால்வெட்டு நின்றுபோய் நம்மிலேயே பல வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டமாக இருக்கிறது, அதோடு திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்குப் போய்வரும் மூன்று குடும்பங்களுக்குப் பஸ் கூலிக்கே வழியில்லை. இவர்களுக்காகத்தான் இந்தக் காணிக்கை.

1. 15ஆம் தேதி ஞாயிறு, ஆராதனை முடிந்து 10.30, ஆலய வராந்தா.
2. பிடி அரிசி மறக்காதீர்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைப்பது நம் பாட்டிமார் வழக்கம்.
3. பணம் உறையில், பெயர் வேண்டாம். எருசலேம் ஏழைகளுக்காக அப்போஸ்தலர் பவுல் காணிக்கை சேர்த்தபோதும் வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கத்தான் சொன்னார், அதனால் பத்து ரூபாயும் சரிதான்.
4. வாங்குகிறவர்கள் பெயரோ படமோ குழுவில் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம், ஆட்டோ வைத்திருக்கும் இருவர் தேவை. சனி இரவு 8 மணிக்குள் பதில் போடுங்கள்.